டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தபோது எடுத்த அளவு

போன மாதம் இரண்டு பெண்கள் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்கள். தொழிற்பயிற்சி நிலையத்தில் கார், வேன்களுக்கு சீட் தைக்கிற வகுப்பில் சேர்ந்திருக்கிறார்களாம். திருத்தணியில் அந்த வேலை செய்த பொம்பளை நான் ஒருத்திதான் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வகுப்புக்கு வந்து பேசவேண்டும் என்றார்கள்.

"இன்னாத்தப் பேசறது?" என்று கேட்டேன்.

"படிச்சிட்டு வேலைக்கு வர்றது நல்லதா, நேரா பட்டறையில சேந்து கத்துக்கறது நல்லதான்னு சொல்லுங்கம்மா. வகுப்புல தினம் இதே சண்டை."

எனக்கு நாலு பேர் முன்னால் வாய் எழும்பாது. ஒருத்தி போனை நீட்டி, "இதுலயாவது பேசுங்க, நாங்க போட்டுக் காட்டறோம்" என்றாள். போனைத் திருப்பி அவள் கையிலேயே வைத்தேன். ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள், எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நான் அஞ்சாவது வரைதான் படித்தவள். எழுத்துப் பிழை இருந்தால் படித்துக் காட்டுகிறவர் திருத்திக்கொள்ளட்டும்.

என் பெயர் லோகம்மாள். என் வீட்டுக்காரர் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். நான் வீட்டில் ஒரு பழைய மெஷினை வைத்துக்கொண்டு ரவிக்கை தைத்தேன், பாவாடைக்கு ஓரம் அடித்தேன். அரக்கோணம் ரோட்டில் இருந்த குஷன் கடையிலிருந்து ஒரு நாள் ஒரு கட்டு ரெக்ஸின் துண்டும் கயிறும் வந்தது. சீட்டின் ஓரத்தில் வரப்பு மாதிரி உருண்டையாக ஓடுமே, அதற்குப் பைப்பிங் என்று பெயர். கயிற்றை உள்ளே வைத்து மடித்துத் தைக்க வேண்டும். ரெக்ஸின், ஊசிக்குக் கீழே துணியை அமுக்குகிற மெஷின் காலில் ஒட்டிக்கொண்டு நகரவே மாட்டேன் என்றது. முகத்துக்குப் போடுகிற பவுடரை அதன்மேல் தடவினேன். வழுக்கிக்கொண்டு போனது. ஒரு வருஷம் வீட்டிலேயே தைத்துக் கொடுத்தேன். அப்புறம் கடைக்கே வந்துவிடு என்று கூப்பிட்டார்கள்.

கடையின் மேஸ்திரியை எல்லாரும் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நகரி பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கிடையாது. எப்போதும் வாயில் நாலைந்து ஆணி வைத்திருப்பார். ஒவ்வொன்றாக உதட்டுக்குக் கொண்டுவந்து, எடுத்து, பலகையில் வைத்து ஒரே அடி. வாயில் ஆணி இருப்பதால் பேச்சு கிடையாது, தலையை ஆட்டுவார், புருவத்தைத் தூக்குவார். ஆணியை எல்லாம் துப்பிக் கையில் வைத்துக்கொண்டார் என்றால் ஏதோ பேசப் போகிறார் என்று அர்த்தம். அப்போது கடையில் மெஷின் எல்லாம் நின்றுவிடும்.

முதல் ஆறு மாதம் என்னைத் தைக்க விடவில்லை. பிரிக்கச் சொன்னார். கிழிந்து வந்த சீட் கவர்களைத் தையல் தையலாகப் பிரித்து, துண்டு துண்டாகத் தரையில் பரப்ப வேண்டும். எந்த இடம் முதலில் கிழிகிறது, எந்தத் தையலுக்குள் மண் சேர்கிறது, ஓட்டுகிறவன் எந்தப் பக்கம் சாய்கிறான் என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். இதெல்லாம் அவர் சொல்லவில்லை. பிரிக்கப் பிரிக்க எனக்கே தெரிந்தது. ஆறு மாதம் கழித்து ஒரு ஆட்டோ சீட்டை என்னிடம் தள்ளிவிட்டுப் போனார். அவ்வளவுதான் என் படிப்பு.

எந்த சீட்டையும் நைனா உட்கார்ந்து பார்க்காமல் கடையைவிட்டு அனுப்பமாட்டார். அதற்கு ஒரு முறை உண்டு. டீக்கடையிலிருந்து கிளாஸ் நிறைய, விளிம்பு வரைக்கும் டீ வாங்கி வரச் சொல்வார். அதைக் கையில் பிடித்துக்கொண்டு சீட்டில் மெதுவாக உட்காருவார். ஒரு சொட்டு சிந்தினாலும் எழுந்து போய்விடுவார். சீட் ஒரு பக்கம் அமுங்குகிறது என்று நாமே புரிந்துகொண்டு மறுபடி பிரிக்க வேண்டும். சிந்தவில்லை என்றால் அங்கேயே உட்கார்ந்து முழுக் கிளாஸையும் குடிப்பார். அதுதான் பாராட்டு. நான் தைத்த சீட்டில் அவர் முதல் தடவை கடைசி வாய் வரைக்கும் குடித்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. நான் மெஷினுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரெக்ஸின் வாசனையும் ஒட்டுகிற சொல்யூஷன் வாசனையும் ஏலக்காய் டீ வாசனையும் கலந்து வந்தது.

பத்து வருஷம் இப்படிப் போனது. அப்புறம்தான் தனசேகர் வந்தான். அரக்கோணத்துப் பிள்ளை, ஐ.டி.ஐ.யில் தகடு வேலை படித்தவன். இரும்பு ஸ்கேல், மூலைமட்டம், பென்சில் எல்லாம் ஒரு பையில் வைத்திருந்தான். முதல் நாள் ஒரு ஜீப் சீட்டுக்குப் படம் போட்டு நைனா முன்னால் நீட்டினான். மேலிருந்து ஒரு படம், பக்கத்திலிருந்து ஒரு படம், எல்லா அளவும் எழுதி.

நைனா ஆணிகளைக் கையில் துப்பினார். "படம் நல்லா கீது. இதும்மேல யாரு குந்தறது?"

கடையே சிரித்தது. அவன் முகம் சிவந்துபோனது. படத்தின்படி வெட்டித் தைத்த கவர் ஸ்பான்ச் மேல் ஏறவே இல்லை. ஸ்பான்ச் உப்பும் என்பதற்கு அவன் படத்தில் இடம் விடவில்லை. சாயங்காலம் என்னிடம் வந்து, "எவ்ளோ விடணும்க்கா?" என்று கேட்டான். எனக்கு எண்ணில் சொல்லத் தெரியவில்லை. ரெண்டு விரல் என்றேன். அவன் என் விரலை ஸ்கேலால் அளந்து எழுதிக்கொண்டான்.

ஆனால் ஒரு சீட்டின் கவர் இன்னொரு சீட்டுக்கும் பொருந்தவேண்டும் என்று ஒரு வேன்காரர் கேட்டபோது நைனா கையை விரித்து எடுக்கிற சாண் அளவு உதவவில்லை. பத்து சீட்டும் பத்து விதமாக வந்தது. தனசேகர் அட்டையில் ஒரே அச்சு வெட்டிவைத்து, பத்தையும் ஒன்றுபோல வெட்டினான். மறுநாள் நைனா அந்த அட்டையை எறும்பு ஏறாத இடமாகப் பார்த்து மேலே ஆணியில் மாட்டிவைத்திருந்தார்.

இனி எழுதப்போவதுதான் நான் சொல்ல நினைத்தது.

ஆடிக் கிருத்திகைக்கு மூன்று வாரம் இருந்தது. அந்தச் சமயத்தில் கடையில் நிற்க இடம் இருக்காது. காவடிக்காரர்களை ஏற்றி வருகிற வேன்கள் எல்லாம் சீட் கிழிந்துபோய் வரிசையாக நிற்கும். அந்த நெரிசலில் ஒருவர் ஒரு ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் வைத்துக் கட்டிய ஸ்கூட்டர். கூடவே ஆட்டோவில் அவர் தங்கை வந்து இறங்கினார். இடது காலில் இரும்புப் பட்டை போட்ட பூட்ஸ், கையில் ஒரு கோல். சின்ன வயதில் போலியோ வந்த கால்.

அண்ணன் பெயர் துளசிராமன். ஆர்.கே.பேட்டை ரோட்டு மேலே கிராமம், சொந்த நிலம், நெல்லும் வேர்க்கடலையும். தங்கை அமுதா டீச்சருக்குப் படித்தவர். கவர்ன்மெண்ட் பள்ளிக்கூடத்தில் வேலை போட்டு ஆர்டர் வந்திருந்தது. பள்ளிக்கூடம் ஆர்.கே.பேட்டை தாண்டி, பஸ் நிற்கிற இடத்திலிருந்து வெகுதூரம் உள்ளே. குறித்த தேதிக்குள் போய்ச் சேராவிட்டால் ஆர்டர் போய்விடும். டீச்சரே பிடிவாதமாக இருந்து இந்த வண்டியை வாங்க வைத்திருக்கிறார். லைசென்ஸ், பேப்பர் எல்லாம் முடிந்துவிட்டது. வண்டியோடு வந்த சீட்டில்தான் அவரால் உட்கார முடியவில்லை. களத்து மேட்டில் நாலு சுற்று ஓட்டினால் வழுக்கிவிடுகிறது.

"ஒரு நாற்காலி மாதிரி பண்ணிக் குடுங்க மேஸ்திரி," என்றார் துளசிராமன். "இதுவும் சரிப்படலன்னா வூட்டுலயே இருக்கட்டும். நடவு, அறுப்புன்னா நான் எப்பிடித் தினம் கொண்டுபோயி வுடறது? எங்க வூட்டுல சோத்துக்கு இன்னா பஞ்சமா?"

டீச்சர் தலையைக் குனிந்து பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நைனா டீச்சரை ஒரு தடவை பார்த்தார். ஆம்பளைகள் ஓட்டுகிற வண்டி என்றால் ஆளைப் பார்த்தே கண்ணளவில் வெட்டிவிடுவார். இது பொம்பளைப் பிள்ளை. கையை வைத்து அளக்க முடியாது, உற்றுப் பார்க்கவும் முடியாது. "லோகம்மா, நீ எடு" என்றார்.

அதுவரைக்கும் நான் வண்டியைத்தான் அளந்திருக்கிறேன். கடை முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு டீச்சரை உட்காரச் சொன்னேன். பக்கத்து டிங்கர் பட்டறை ஆட்கள், வேன் டிரைவர்கள், அண்ணன், எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். டீச்சர் போட்டோவுக்கு உட்காருகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் டேப்பை வைத்து இடுப்பகலம், முதுகு உயரம், தொடை நீளம் எல்லாம் எடுத்தேன். தனசேகர் தள்ளி நின்று, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டான்.

அளவு எடுக்கும்போதே ஒன்றைப் பார்த்தேன். டீச்சரின் இடது கை ஸ்டூலின் ஓரத்தை அழுத்திப் பிடித்திருந்தது. விரல் முட்டிகள் வெளுத்துப்போய், மணிக்கட்டில் நரம்பு புடைத்திருந்தது. ஏன் இப்படிப் பிடித்திருக்கிறீர்கள் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. இத்தனை பேர் முன்னால் கேட்டால் அவர் காலைக் காட்டிக் கேட்பது மாதிரி ஆகிவிடுமே என்று விட்டுவிட்டேன். அவரும் சொல்லவில்லை.

தனசேகர் படம் போட்டான். நைனா பலகை அறுத்தார். நான் நல்ல கறுப்பு ரெக்ஸினில் தைத்தேன். முதுகுக்குச் சாய்மானம், இரண்டு பக்கமும் கை வைக்கக் கட்டை. நைனா டீ கிளாஸோடு அதில் உட்கார்ந்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை, கடைசி வரை குடித்தார். தனசேகர் சந்தோஷத்தில் எனக்கும் ஒரு டீ சொன்னான்.

டீச்சர் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அண்ணன் மொபெட்டில் பின்னாலேயே. கால் மணி நேரம் ஆகியிருக்காது, டிங்கர் பட்டறையிலிருந்து ஒருவர் ஓடிவந்தார். வளைவில் இருந்த வேகத்தடையில் டீச்சர் இடது பக்கம் சரிந்திருக்கிறார். விழாமல் இருக்க இடது கையால் சீட்டைப் பிடித்திருக்கிறார். அந்த வண்டிக்குப் பின் பிரேக் இடது கையில். பிடிக்க முடியவில்லை. கிருத்திகைக்குப் போட்டிருந்த பூக்கடைப் பந்தலின் மூங்கிலில் போய் மோதிவிட்டார். முன் லைட் உடைந்தது. முழங்கையில் சிராய்ப்பு. நல்லவேளை, அதற்குமேல் ஒன்றும் இல்லை.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கடை முன்னால் நிறுத்தினார் துளசிராமன். அவர் சத்தம் போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"போதும்மா. ஆர்டரைத் திருப்பிக் குடுத்துடலாம். ஒனக்கு எதுன்னா ஆச்சுன்னா அம்மாவுக்கு நான் இன்னா சொல்றது?"

டீச்சர் முழங்கையைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டே, "இன்னும் எட்டு நாள் கீதுண்ணா. வண்டி இங்கயே இருக்கட்டும்" என்றார்.

அவர்கள் போனதும் தனசேகர் படத்தையும் ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு சீட்டின் மேலே கவிழ்ந்துவிட்டான். "அரை சென்டி கூட மாறல நைனா. நீங்களே பாருங்க."

"நான் குந்திப் பாத்தேனே. கிளாஸ் ஆடலயே," என்றார் நைனா.

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. படத்தின்படி தப்பில்லை, கிளாஸின்படியும் தப்பில்லை. அவன் நைனாவின் மர வேலையைப் பார்க்கிறான், இவர் அவன் படத்தைப் பார்க்கிறார். நான் மெஷினுக்குப் பின்னாலிருந்து சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"நான் எடுத்த அளவுதான் தப்பு."

நைனா ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்தார். ஸ்டூலைப் பிடித்திருந்த இடது கையைப் பற்றிச் சொன்னேன்.

"பாத்தியே, அப்பவே ஏன் சொல்லல?"

"கேக்கறதுக்குக் கூச்சமா இருந்துச்சு நைனா."

"கூச்சப்பட்டது நீ. அடிபட்டது அந்தப் பொண்ணு," என்றார். ஆணிகளைத் திரும்ப வாயில் போட்டுக்கொண்டு வேன் சீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் டவுன் பஸ் ஏறி டீச்சர் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் கேட்க வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அங்கே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. அவர் மோர் கொடுத்தார். குடித்தேன். இரண்டு பேரும் மோர் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் கேட்டேன்.

"டீச்சரம்மா, யாரும் பாக்காதப்ப எப்பிடிக் குந்துவீங்க?"

அவர் மோர் கிளாஸைக் கீழே வைத்தார். அப்புறம், "சுவரு மேல சாஞ்சிக்குவேன். இந்தப் பக்கம் எனக்குச் சதையே இல்லைக்கா. இடுப்பு தானா எறங்கிடும்" என்றார். "யாராவது வந்துட்டா நிமிந்துக்குவேன். சின்ன வயசுல இருந்தே பழக்கம்."

"எவ்ளோ நேரம் நிமிந்து இருக்க முடியும்?"

"கைய ஊணிக்கினா பத்து நிமிஷம்."

நான் தைத்துக் கொடுத்தது அந்தப் பத்து நிமிஷத்துக்கான சீட்.

கடைக்குத் திரும்பி வந்து சொன்னேன். சாய்ந்து உட்காருகிறவரை எப்படி அளப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. டேப்புக்கு அது அகப்படாது. நைனாவுக்கும் முன்அனுபவம் இல்லை. தனசேகர் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திடீரென்று, "எங்க ஐ.டி.ஐ.யில பக்கத்து ஷெட்டுல இரும்பு வார்ப்பாங்க நைனா. ஈர மண்ணுல அச்சை அமுக்கி எடுத்தா, அப்பிடியே பள்ளம் வுழும். அதுல ஊத்துவாங்க" என்றான்.

"அதுக்கு?"

"டீச்சரை மண்ணுல குந்த வெச்சா?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நைனா எழுந்து போய் மண் சலிக்கிற சல்லடையை யாரிடமோ கேட்டு வாங்கி வந்தார்.

சீட் அகலத்துக்குப் பலகையில் ஒரு தட்டு அடித்தோம். அதில் சலித்த மணலைக் கொட்டி, கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற அளவுக்குத் தண்ணீர் தெளித்தோம். மேலே பாலித்தீன் தாள், அதற்குமேல் என் பழைய புடவை ஒன்று. கடையின் பின்பக்கம் ரெக்ஸின் உருளைகளை நிறுத்தி மறைப்பு செய்தோம். டீச்சர் வந்ததும் நைனா ஆம்பளைகள் எல்லாரையும் டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். துளசிராமனையும்தான். "நான் வந்து கூப்பிடற வரைக்கும் இங்க வராதீங்க" என்று போகும்போதே சொல்லி அனுப்பினேன். நைனாவுக்கு நான் போட்ட முதல் உத்தரவு அதுதான்.

டீச்சர் உட்கார்ந்தார். பழக்கம் விடவில்லை, நிமிர்ந்துதான் உட்கார்ந்தார். சாயுங்கள் என்றால் சாய்கிறார், ஆனால் என்னைப் பார்த்ததும் திரும்ப நிமிர்கிறார். அப்புறம் எனக்குப் புரிந்தது. நானும் பார்க்கிறவள்தானே. ஒரு பழைய வேன் கவரை எடுத்துக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தையலைப் பிரிக்க ஆரம்பித்தேன். திரும்பவே இல்லை. அவர் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினார். அஞ்சு வகுப்புக்கும் சேர்த்து இரண்டே டீச்சர்களாம். நான் எங்கே படித்தேன் என்று கேட்டார். சொன்னேன். அஞ்சாவதோடு ஏன் நின்றீர்கள் என்றார். பள்ளிக்கூடம் அதோடு முடிந்துவிட்டது என்றேன். அவர் சிரித்தார். பேச்சுக் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கத்திலிருந்து வர ஆரம்பித்தது. அப்போதும் நான் திரும்பவில்லை.

அரை மணி நேரம் கழித்து அவரைத் தூக்கி எழுப்பினேன். புடவையை விலக்கிப் பார்த்தோம். வலது பக்கம் மேலாக ஒரு பள்ளம். இடது பக்கம் என் கை மறைகிற ஆழம், அதுவும் ஓரத்தில் ஒரே இடத்தில், எலும்பு குத்தின மாதிரி. டீச்சர் கோலை ஊன்றிக்கொண்டு அதையே பார்த்தார்.

"நான் இப்பிடியா குந்தறேன்" என்றார். துக்கமாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. யாரோ தெரிந்தவரைப் பார்த்த மாதிரி இருந்தது.

அப்புறம் நைனாவும் தனசேகரும் அந்த மண் தட்டைச் சுற்றிக்கொண்டு நின்றதை நான் மறக்கமாட்டேன். தனசேகர் தட்டின் குறுக்கே ஒரு நேர்க்கட்டையை வைத்து, அங்குலத்துக்கு ஒரு இடமாக ஸ்கேலை உள்ளே இறக்கி, ஆழத்தைக் கட்டம் கட்டமாக எழுதினான். நைனா கண்ணை மூடிக்கொண்டு பள்ளத்தில் கையை விட்டுத் தடவினார். அப்புறம் ரம்பத் தகட்டால் ஸ்பான்ச்சை அறுத்தார். கெட்டி ஸ்பான்ச் அடியில், மெதுவானது மேலே. தனசேகர் தன் எண்களை வைத்துச் சரிபார்த்து, "இங்க கால் அங்குலம் ஜாஸ்தி" என்பான். நைனா முறைப்பார். அப்புறம் சீவுவார்.

இடது பள்ளத்தை முழுக்க நிரப்பிவிட்டால் இடுப்பு நேராகிவிடும் என்றான் தனசேகர். "ஒத்து, ஒத்து" என்றார் நைனா, வேண்டாம் என்பதற்கு. "அத நிமித்தப் பாக்காத. முழுசா நிமித்துனா அந்தாண்ட தள்ளும். பாதி தூக்கு. மீதிய தாங்கு." பாதி ஆழத்துக்குக் கெட்டி ஸ்பான்ச் வைத்தார்கள். மீதிக்கு, அவர் சாய்கிற பக்கத்தில் தொடைக்கும் இடுப்புக்கும் அணை கட்டினார்கள். துளசிராமன் பெல்ட் வைத்துக் கட்டச் சொன்னார். ஸ்கூட்டரில் ஆளைக் கட்டக்கூடாது என்று நைனா மறுத்துவிட்டார்.

தையல் என் பாடு. உட்காருகிற இடத்தில் பைப்பிங் வைக்கவில்லை, சதையில்லாத இடத்தில் குத்தும். தையல் எல்லாம் பக்கத்துக்குப் போய்விட்டது. நடுவில் வழுக்காத துணி, மழைக்காகச் சுற்றி ரெக்ஸின். கோணலான ஸ்பான்ச்சுக்குக் கவர் சுருக்கம் இல்லாமல் உட்காரவேண்டுமே. ரெக்ஸினை நல்ல வெயிலில் போட்டு, இளகின சூட்டிலேயே இழுத்து மாட்டினோம். மூன்று தடவை பிரித்தேன். வேன்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். நைனா காதில் வாங்கவில்லை.

முடித்ததும் வழக்கப்படி டீ வந்தது. நைனா கிளாஸோடு சீட் வரைக்கும் போனார். நின்றார். நின்றபடியே குடித்துவிட்டுக் கிளாஸைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

டீச்சர் மார்க்கெட் மண்டி மைதானத்தில் ஓட்டிப் பார்த்தார். சுற்றிச் சுற்றி வந்தார். துளசிராமன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "மைதானம் சரி. ரோட்டுல பாக்கணும்" என்றார்.

பெண்களே, நீங்கள் கேட்டதற்கு நான் என்ன சொல்ல? அந்த மண் யோசனை ஐ.டி.ஐ. ஷெட்டிலிருந்து வந்தது. பாதி தூக்கு என்பது எந்த ஷெட்டிலும் எழுதியிருக்காது. தனசேகர் இப்போது அரக்கோணத்தில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான். படித்தவர், படிக்காதவர் இரண்டு பேரையும் சேர்த்துக்கொள்கிறான். நைனா காலமாகிவிட்டார். நீங்கள் படித்துவிட்டே போங்கள், நல்லதுதான். ஆனால் என் தப்பு படிப்பு இல்லாததால் வந்ததில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காததால் வந்தது. அதை உங்கள் சாராலும் கற்றுக்கொடுக்க முடியாது, நைனாவாலும் எனக்குக் கற்றுக்கொடுக்க முடியவில்லை. டீச்சர் வீட்டில் மோர் குடித்துக்கொண்டு நானேதான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

டீச்சர் வேலைக்குச் சேருகிற நாள் காலையில் எனக்குக் கடையில் கை ஓடவில்லை. தனசேகரிடம் ஊசி வாங்கி வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு ஆர்.கே.பேட்டை பஸ் ஏறிவிட்டேன். கிருத்திகைக்கு இரண்டே நாள். எதிரே வருகிற பஸ் எல்லாம் மலைக்கு வருகிறவர்களால் பிதுங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏழெட்டுப் பேர்தான். ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்டக்டர், "எங்கம்மா?" என்றார். எங்கே என்று எனக்கே தெரியவில்லை. ஆர்.கே.பேட்டை என்றேன்.

டீச்சர் கிராமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் முன்னால் மொபெட் தெரிந்தது. துளசிராமன். அவருக்கு முன்னால், ஒரு ஐம்பதடி தூரத்தில், ஸ்கூட்டர். அவர் முந்தவும் இல்லை, பின்தங்கவும் இல்லை, ஒரே இடைவெளியில் போய்க்கொண்டிருந்தார். ரோடு குறுகல். பஸ் அவர்கள் பின்னாலேயே மெதுவாகப் போனது. டிரைவர் ஆரன் அடித்தார். எனக்குக் கோபம் வந்தது.

ஒரு ஊர் எல்லையில் வேகத்தடை வந்தது. திருத்தணி வளைவில் இருந்ததைவிட உயரம். நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஸ்கூட்டர் வேகம் குறைந்தது. டீச்சரின் உடம்பு இடது பக்கம் சாய்ந்தது, அணையில் போய்ப் பட்டு, அங்கேயே நின்றது. இரண்டு கையும் பிரேக்கில் இருந்தது. முன் சக்கரம் ஏறி இறங்கியது, பின்னால் மூன்று சக்கரமும் ஏறி இறங்கியது. அவர் நிமிரவில்லை. சாய்ந்தபடியே போனார்.

துளசிராமன் வேகத்தடைக்கு இந்தப் பக்கமே மொபெட்டை நிறுத்தி ஒரு காலைக் கீழே ஊன்றினார். தங்கை போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டோரம் புளிய மரத்தடியில் ஒரு கிழவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் துளசிராமன் ஏதோ சொன்னார். ஸ்கூட்டரைக் கைகாட்டிச் சொன்னார். அப்புறம் மொபெட்டைத் திருப்பிக்கொண்டு, நாற்று நடுகிற வேலை இருக்கிற ஆள் மாதிரி, வேகமாக வீட்டுப் பக்கம் போய்விட்டார்.